இறங்கிய நூல்களும் எழுதிய கைகளும்

கார்ஜ் லே கொனெஸ்ஸில் குடியிருக்கும் எவருக்கும் இறைநூல் என்பது தட்டுப்பாடான பொருளல்ல. தபால்பெட்டியைத் திறந்தால் பெந்தெகொஸ்தேக்காரரின் தமிழ்த் துண்டுப்பிரசுரம் கிடக்கும். புகையிரத நிலைய வாசலில் யெகோவாவின் சாட்சிகள் புத்தகத் தட்டோடு புன்னகைத்தபடி நிற்பார்கள். வெள்ளிக்கிழமை மதியங்களில் மாலிக்காரரும் மொறோக்கோக்காரரும் பாகிஸ்தானியரும் தொழுகைக்குப் போவார்கள். அவர்களிலொருவர் எமது பெடியன் ஒருவனுக்கு மார்க்க விளக்கப் புத்தகமொன்றைக் கொடுத்திருப்பார். எப்போதாவது வெள்ளைச் சேட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, நெஞ்சிலே கறுப்புப் பெயர்த்துண்டு குத்திய இரண்டு அமெரிக்க இளைஞர்கள், இருபது வயதே ஆகியிருந்தபோதும் தம்மை ‘மூப்பர்’ என்று அறிமுகப்படுத்திக்கொண்டு மணியை அழுத்துவார்கள். லாச்சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு ஆர்.ஈ.ஆர் டி தொடருந்தில் திரும்பிவரும் எமது சனம் இவர்கள் எல்லோரையும் ஒரே சிரிப்பால் கடந்து போகிறது. அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இக்கட்டுரை.

நாம் முஸ்லிம்களுமல்ல, மோர்மன்களுமல்ல. (மோர்மன் என்ற பெயரைத் தவிர்த்து, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற முழுப்பெயரையே சொல்லும்படி 2018 இல் அச்சபையின் தலைமை கேட்டுக்கொண்டது. ஒரு கட்டுரை முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாதென்பதால் பழைய பெயரையே வைத்துக்கொள்கிறோம்.) எங்கள் நூல் இறைவனிடமிருந்து வந்தது என்று இவ்விரு தரப்பாரும் எப்படி நிறுவுகிறார்கள் என்பதை, ஒரு கவிதைத் தொகுதியை வாசிக்கும் அக்கறையோடு வாசித்துப் பார்த்தோம். இரண்டையும் ஒப்பிடுவது புதிதல்ல. அமெரிக்காவில் 19 ஆம் நூற்றாண்டிலேயே ஜோசப் ஸ்மித்தை ‘அமெரிக்க முகம்மது’ என்று ஏசினார்கள். இருவரையும் ஒரே கல்லால் அடிப்பதற்காகச் செய்யப்பட்ட ஒப்பீடு அது. எமக்கு அந்தத் தேவை இல்லை. மேலும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் முழுதாக வெளியேற்றப்பட்டதற்குப் பிறகு, முஸ்லிம்களின் வேதத்தைப் பற்றித் தமிழில் நக்கலடிக்கும் அப்பாவித்தனம் எமக்கு மிச்சமில்லை என்றே நினைக்கிறோம்.

முதலில் மோர்மன் தரப்பு. நியூயோர்க் மாநிலத்தில் பால்மைரா என்ற ஊருக்கு அருகே, 1823 இல், பதினேழு வயதான விவசாயி மகன் ஜோசப் ஸ்மித்துக்கு மொரோனி என்ற தேவதூதர் தோன்றுகிறார். குன்றொன்றில் புதைந்திருக்கும் பொன் தகடுகளைப் பற்றிச் சொல்கிறார். 1827 இல் தகடுகள் கைக்கு வருகின்றன. 1829 ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில், மூன்று மாதத்துக்கும் குறைவான காலத்தில், ஸ்மித் வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதியது மோர்மன் புத்தகமாகி 1830 மார்ச்சில் 5000 பிரதிகள் அச்சாகிறது. எருசலேமிலிருந்து கிறிஸ்துவுக்கு 600 ஆண்டுகள் முன் புறப்பட்ட ஒரு குடும்பம் அரேபியாவைக் கடந்து கப்பலேறி அமெரிக்கா சேர்ந்து, அங்கே இரண்டு இனங்களாகப் பிரிந்து, ஆயிரம் வருடம் சண்டையிட்டு அழிந்த கதை. வேலை முடிந்ததும் தகடுகளைத் தேவதூதரே திரும்ப வாங்கிக்கொண்டார்.

மூலப்பிரதி இல்லை என்பதுதான் இதன் முதற் சிக்கல். அதை ஈடுசெய்ய வருகிறார்கள் சாட்சிகள். புத்தகத்திலேயே இரண்டு வாக்குமூலங்கள் அச்சாகியிருக்கின்றன: தேவதூதர் தகடுகளைக் காட்டக் கண்டோம் என்று மூவரும், கையால் தூக்கிப் பார்த்தோம் என்று எண்மரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மோர்மன் வாதத்தின் நெஞ்சு இது. அந்த மூவரும், ஒலிவர் கௌட்ரி, டேவிட் விட்மர், மார்ட்டின் ஹரிஸ், 1838 அளவில் ஸ்மித்தோடு பகைத்துச் சபைக்கு வெளியே போனார்கள். இருவர் பின்னாளில் திரும்பி வந்தார்கள். விட்மர் 1888 இல் சாகும்வரை திரும்பவில்லை. ஆனால் மூவரில் எவரும் தாம் கண்டதைக் காணவில்லை என்று சொல்லவில்லை. தலைவனைத் திட்டினார்கள், தகட்டைத் திட்டவில்லை. பொய்யென்றால் பகைத்த பிறகாவது சொல்லியிருக்க மாட்டார்களா என்பது மோர்மன்களின் கேள்வி.

நல்ல கேள்விதான். புலம்பெயர்ந்த தமிழராகிய எமக்கு இதற்கு ஒரு பதில் கைவசம் உண்டு, அது வழக்கறிஞரின் பதிலல்ல. இயக்கங்களை விட்டு வெளியே வந்தவர்களை நாம் அறிவோம். தலைமையைக் கடுமையாகப் பேசுவார்கள், நடந்த கொலைகளைப் பட்டியலிடுவார்கள். ஆனால் பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போன அந்த முதல் இரவு பொய் என்று ஒருபோதும் சொல்லமாட்டார்கள். சொன்னால் பொய்யாவது தலைவனல்ல, அவர்களுடைய இளமை. விட்மரின் மௌனத்தில் நாம் காண்பது அத்தகைய ஒன்றை. அவர் உண்மையானவர் என்பதற்கு அது சான்று. தகடு இருந்தது என்பதற்குச் சான்றல்ல.

இரண்டாவது வாதம் கல்லாமை. ஸ்மித்துக்குப் பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. ஒழுங்கான ஒரு கடிதத்தைக்கூட அவரால் அந்நாளில் சொல்லி எழுதுவித்திருக்க முடியாது என்று அவரது மனைவி எம்மா 1879 இல், தம் கடைசிக் காலத்தில், சாட்சி சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் இவ்வளவு பெரிய நூலை இந்த வேகத்தில் எப்படிச் சொன்னார்?

இங்கேதான் முஸ்லிம் தரப்பின் பிரசுரத்தைப் பக்கத்தில் வைக்க வேண்டும். நபிகளைக் குர்ஆன் ‘உம்மி’ என்கிறது; எழுத்தறியாதவர் என்பதே அதற்குப் பெரும்பாலான முஸ்லிம்கள் கொள்ளும் பொருள். எழுத வாசிக்கத் தெரியாத ஒருவர், நாற்பது வயதுவரை கவிஞரென்று பெயரெடுக்காதவர், 610 முதல் 632 வரை இப்படியொரு மொழியை எங்கிருந்து பெற்றார்? இரண்டு வாதமும் ஒரே அச்சில் வார்த்தவை: பாத்திரம் சிறிது, ஊற்றியது பெரிது, ஆகவே ஊற்றியவன் வேறு.

எமது காது இந்த வாதத்துக்கு ஏற்கெனவே பழகிய காது. மடைப்பள்ளியில் வேலை செய்தவர் அம்பிகையின் தாம்பூலத்தால் காளமேகமானார். ஐந்து வயதுவரை பேசாத குமரகுருபரர் செந்தூரில் வாய்திறந்தார். சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுக் குழந்தை ஞானப்பால் குடித்துப் பாடியது. ஸ்மித் தொப்பிக்குள் ஒரு கல்லைப் போட்டு முகத்தைப் புதைத்து அதில் தெரிந்ததைச் சொன்னார் என்று நேரில் இருந்தவர்கள் சொன்னதைக் கேட்டு எமது நண்பர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். (அந்தக் கல்லின் புகைப்படத்தை 2015 இல் சபையே வெளியிட்டது.) ஞானப்பாலுக்குச் சிரிப்பதில்லை. பழக்கம் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணத்தை நாம் கண்டுபிடிக்கவில்லை.

இன்னும் நெருக்கமான இணை ஒன்று எம்மிடம் உண்டு. மோர்மன் புத்தகம் அச்சாகிப் பதினோராவது வருடம், 1841 இல், இன்றைய குமரி மாவட்டத்துத் தாமரைகுளத்தில் அரிகோபாலன் சீடர் அகிலத்திரட்டு அம்மானையை எழுதினார். உறக்கத்தில் இறைவன் எழுப்பிச் சொல்லச் சொல்ல எழுதினேன், எனக்கென்று ஒன்றும் தெரியாது என்பதுதான் அதன் பாயிரத்தின் தொனி. பதினையாயிரம் அடிக்கு மேற்பட்ட அந்நூல் 1939 இல்தான் அச்சேறியது. திருவிதாங்கூர் அரசாலும் மேற்சாதியாராலும் மிதிபட்ட மக்களுக்கு ஓர் ஆதிக்கதையையும் வரப்போகும் தர்மயுகத்தையும் அது கொடுத்தது. நியூயோர்க்கின் கடன்பட்ட விவசாயிக்கும் தாமரைகுளத்துச் சீடருக்கும் தொடர்பே கிடையாது. என்றாலும் எழுத்து எவர் கையில் இல்லையோ அவர் கையில் ஒரு வேதம் வந்துசேர்வது அந்த நூற்றாண்டில் இரண்டு கண்டங்களில் நடந்திருக்கிறது. 1853 இல் ரிச்சர்ட் பாலன்டைன் என்ற மோர்மன் ஊழியர் தோழர்களுடன் சென்னையில் வந்திறங்கி, அடுத்த வருடம் அங்கே ஆங்கிலப் பத்திரிகையொன்றும் நடத்திவிட்டுத் திரும்பிப் போனார். தெற்கே தாமரைகுளம்வரை அவர் போகவில்லை. போயிருந்தால் சுவையான உரையாடலொன்று நடந்திருக்கும்.

*

ஒற்றுமை இவ்வளவுதான். இனி இரண்டும் பிரிகின்றன.

குர்ஆனின் சொந்த வாதம் மொழியைப் பற்றியது. சந்தேகப்படுகிறவர்களை நோக்கி, இதைப்போல ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்று அது ஐந்து இடங்களில் சவால் விடுகிறது. ஓரிடத்தில் பத்து அத்தியாயம் கேட்கிறது, இன்னோரிடத்தில் ஒன்றே ஒன்று போதும் என்கிறது. அதிலே மிகச் சிறிய அத்தியாயம் மூன்றே வசனம் என்பதை நினைவிற் கொண்டால் சவாலின் துணிவு விளங்கும். அறிஞர்கள் இதை ‘இஃஜாஸ்’ என்பார்கள்: எதிரில் நிற்பவனை இயலாதவனாக்குதல். சாட்சி வேண்டாம், அற்புதம் வேண்டாம், நூலே அற்புதம்.

எமக்கு இதிலே பெரிதாகப்படுவது, இந்த வாதம் சும்மா நிற்காமல் ஓர் இலக்கியத் திறனாய்வையே பெற்றெடுத்தது என்பது. 9 ஆம் நூற்றாண்டில் முஃதஸிலாக்களில் ஒருவரான அல்-நஸ்ஸாம், மனிதரால் அப்படி எழுத முடியும், இறைவன் அவர்களைத் தடுத்துவிட்டான், அற்புதம் அந்தத் தடுப்பிலேதான் இருக்கிறது என்றார். நூலின் அழகை வாதத்திலிருந்தே கழற்றிவிடும் துணிச்சலான கருத்து அது. 11 ஆம் நூற்றாண்டில் அல்-ஜுர்ஜானி வேறு வழியில் போனார். தனிச்சொல்லில் அழகில்லை, பொருளில் மாத்திரமும் இல்லை; சொல்லும் சொல்லும் இலக்கண உறவில் தொடுக்கப்படும் முறையிலேதான் அழகு இருக்கிறது என்று, கவிதை வரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டி ஒரு முழு நூலே எழுதினார். பாரிஸ் அறிஞர்கள் அமைப்பியல் என்று 1960களில் பேசிய சிலவற்றின் சாயல் அதிலிருக்கிறது. ஒரு மதவாதம் இவ்வளவு நுட்பமான வாசிப்பை விளைவித்த இடம் வேறு அதிகமில்லை. தமிழில் திருவாய்மொழிக்கு எழுந்த ஈட்டு வியாக்கியானத்தை மாத்திரம் பக்கத்தில் வைக்கலாம். சைவத் திருமுறைகளுக்கு நாம் பண்ணும் தாளமும் சேர்த்தோம். இப்படியொரு கவிதையியலைச் சேர்க்கவில்லை.

ஆயினும் வாதத்தின் பலவீனமும் அங்கேதான். யார் நடுவர்? சிரியாவின் குருட்டுக் கவிஞர் அல்-மஅர்ரி குர்ஆனுக்குப் போட்டியாக எழுதினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். அவர் எழுதியது ஈடாக இருந்ததா என்பதை, ஈடாக இருக்க முடியாதென்று முன்பே நம்புகிறவர்கள்தான் தீர்ப்பிட வேண்டியிருந்தது. இரண்டாவது சிக்கல் எம்மைப் போன்றவர்களுக்கு உரியது. அரபு தெரியாத நாம் இந்த அழகை எப்படி அறிவது? அப்துல் ஹமீத் பாகவியின் தமிழாக்கம் கண்ணியமானது. ஆனால் அதையோ வேறெந்த மொழிபெயர்ப்பையோ குர்ஆன் என்று முஸ்லிம்கள் கொள்வதில்லை. பொருளின் பெயர்ப்பு என்றே கொள்வார்கள். எனவே சவால் எமக்கு மொழிபெயர்க்கப்படும்போது சவாலாக இல்லை. அரபு அறிந்தவர் சொல்வதை நம்பவேண்டிய சாட்சியமாகிவிடுகிறது. சாட்சியே வேண்டாம் என்று தொடங்கிய வாதம் சாட்சியில் வந்து நிற்கிறது.

மோர்மன் புத்தகத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஏனெனில் அது பிறக்கும்போதே மொழிபெயர்ப்பு. மூலமொழி ‘திருத்தப்பட்ட எகிப்திய எழுத்து’ என்கிறார்கள். அதை வாசிக்கத் தெரிந்தவர் எவருமில்லை. 1852 இல் பாரிஸில் பிரெஞ்சிலும் வந்துவிட்டது; தமிழிலும் கிடைக்கிறது; எல்லாம் சமமாகவே வேதம். இலக்கியமாக வாசித்தால் ஏமாற்றந்தான். 17 ஆம் நூற்றாண்டு ஆங்கில விவிலியத்தின் நடையை 19 ஆம் நூற்றாண்டு நாட்டுப்புறத்தான் போட்டுக்கொண்டது போலிருக்கிறது. ‘அப்பொழுது சம்பவித்தது என்னவெனில்’ என்ற தொடர் ஆயிரம் தடவைக்கு மேல் வருகிறது. ஏசாயாவின் அதிகாரங்கள் அந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வார்த்தைகளோடும் பிழைகளோடும் அப்படியே உள்ளே கிடக்கின்றன. இதற்குள்ளும் அழகு தேடியவர்கள் உண்டு. 1967 இல் ஜெர்மனியில் ஊழியம் செய்துகொண்டிருந்த ஜோன் வெல்ச் என்ற இளைஞர், எபிரேயக் கவிதைக்குரிய முன்பின் மடங்கும் வாக்கிய அமைப்பு மோர்மன் புத்தகத்தில் இருப்பதைக் கண்டார். அன்றிலிருந்து அது அவர்களுடைய ஜுர்ஜானித்தனமான வாதம். ஆனால் அந்த அமைப்பு விவிலியத்தில் ஊறிய எவர் வாயிலும் வரக்கூடியது. எமது கிராமத்துப் புராணப்படிப்புக்காரர் எதுகை மோனையோடு பேசுவதில்லையா?

ஆகவே அழகை விட்டு மோர்மன் தரப்பு வேறொன்றைக் கேட்கிறது. புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் மொரோனி வாசகனிடம், உண்மையான நெஞ்சோடு இறைவனிடமே கேள், பரிசுத்த ஆவி உனக்கு உணர்த்தும் என்கிறார். கதவைத் தட்டும் இளைஞர்கள் இறுதியில் கேட்பதும் இதைத்தான்: வாசியுங்கள், செபியுங்கள், உங்களுக்கே தெரியும். நெஞ்சுக்குள் ஒரு சூடு வரும் என்பார்கள். இந்த அழைப்பில் ஒரு குடியரசுத்தன்மை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அரபு வேண்டாம், மௌலவி வேண்டாம், மாடியில் தனியாக இருக்கும் கார்ஜ்வாசிக்கும் சோதனைச்சாலை அவனுடைய நெஞ்சுதான். ஆனால் சூடு வராவிட்டால்? நெஞ்சு உண்மையாக இருக்கவில்லை, மறுபடி கேளுங்கள். தோற்கவே முடியாத சோதனை சோதனையல்ல. மேலும் அதே சூடு, பஜோல் வீதியிலுள்ள பிள்ளையார் கோயிலில் தேவாரம் கேட்கும் எமது தாய்மாருக்கும் வருகிறது. ஃபஜ்ர் தொழுகையில் கீழ்வீட்டு அல்ஜீரியருக்கும் வருகிறது. சூடு எல்லோருக்கும் ஒன்று, நூல்கள்தான் வேறு.

*

காப்பு பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் இழந்த ஆவணங்களைப் பற்றி அகதிகளுக்கு அபிப்பிராயம் உண்டு.

முஸ்லிம்கள் தமது நூல் எழுத்தும் மாறாமல் காக்கப்பட்டது என்பதையே தெய்விகத்துக்குச் சான்றாகக் காட்டுவார்கள். இவ்விடயத்தில் ஆதாரம் மோர்மன் தரப்பைவிட மிகப் பலமானது. 2015 இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலிருந்த இரண்டு தோலேடுகளைக் கரிமக் கணிப்புச் செய்தபோது தோலின் வயது 568 க்கும் 645 க்கும் இடையில் விழுந்தது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம்: பாரிஸ் தேசிய நூலகத்தில், கெய்ரோவின் அம்ர் பள்ளிவாசலிலிருந்து வந்த முதல் நூற்றாண்டுக் குர்ஆன் பிரதியொன்றின் எழுபது ஏடுகள் இருக்கின்றன. பிரான்சுவா தெரோஷ் அதை எழுத்தெழுத்தாக ஆராய்ந்தார். பல கைகள் எழுதியவை, எழுத்துக்கூட்டலில் வேறுபாடுகள், பின்னர் திருத்திய இடங்கள் எல்லாம் உண்டு. ஆயினும் நூல் அந்த நூல்தான். ஒரு மனித சமூகம் ஒரு பிரதியை எவ்வளவு பத்திரமாகச் சுமந்திருக்கிறது என்பதற்கு அது பெரிய சான்று. ஆனால் நன்றாகக் காக்கப்பட்டது என்பதிலிருந்து இறங்கியது என்பதற்குப் பாலமில்லை. அசோகனின் கல்வெட்டும் காக்கப்பட்டதுதான்.

மோர்மன் தரப்பில் இழப்பே கதை. 1828 இல் எழுதி முடித்த முதல் 116 பக்கங்களை மார்ட்டின் ஹரிஸ் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொலைத்துவிட்டார். இரண்டாம் முறை சொன்னால் வார்த்தை ஒத்துவருமா என்று உலகமே பார்த்திருக்கும். ஸ்மித்துக்கு வந்த வெளிப்பாடு, திரும்பச் செய்யாதே, களவெடுத்தவர்கள் அதை மாற்றிவைத்திருக்கிறார்கள், அதே காலத்தைச் சொல்லும் வேறு தகடு இருக்கிறது என்றது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் தில்லையில் கறையான் அரித்த திருமுறை ஏடுகளை நினைக்கவேண்டும். இக்காலத்துக்கு வேண்டியதை மாத்திரம் வைத்து மற்றதை மண்மூடச் செய்தோம் என்று அங்கும் ஓர் அசரீரி ஆறுதல் சொன்னதாகவே நாம் படித்தோம்.

விசாரணை அறையில் மொழிபெயர்ப்பாளர் பக்கத்திலிருக்க எமது கதையை நாமே சொன்ன நாட்கள் நினைவுக்கு வருகின்றன. அடையாள அட்டை எரிந்துபோனது, கடிதம் வழியில் தொலைந்தது, திகதி முன்னுக்குப்பின் முரண்பட்டது. உண்மையாக அடிபட்டவன் தடுமாறினான்; லாச்சப்பலில் காசுக்கு எழுதுவித்தவனின் ‘கேஸ்’ ஒரு சுருதி பிசகாமல் ஓடியது. முரணின்மை உண்மைக்கு அடையாளம் என்று பிரசுரங்கள் சொல்லும்போது எமக்கு ஒரு கசப்பான புன்னகை வருவது இதனால்தான். ஆவணம் இல்லாததே பொய்க்கு அடையாளம் என்று அடுத்த தரப்பு சொல்லும்போதும் அதே புன்னகைதான்.

எனினும் மோர்மன் தரப்புக்கு எதிரான சான்று வெறும் இன்மையல்ல. 1835 இல் ஸ்மித் எகிப்தியப் பாப்பிரசுச் சுருள்கள் சிலவற்றை வாங்கி, அவற்றிலிருந்து ஆபிரகாமின் புத்தகம் என்ற வேதத்தைத் தந்தார். அவற்றின் துண்டுகள் நியூயோர்க் அருங்காட்சியகத்தில் அகப்பட்டு 1967 இல் சபையின் கைக்கு வந்தன. வாசித்தவர்கள் கண்டது சாதாரண எகிப்திய ஈமச்சடங்கு ஏடு, ஆபிரகாம் அங்கில்லை. எழுத்துக்கும் நூலுக்கும் பொருத்தமில்லை என்பதைச் சபையே 2014 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் ஒப்புக்கொண்டு, வேறு விதமான விளக்கங்களைத் தேடுகிறது. அமெரிக்கப் பழங்குடிகளின் மரபணு ஆசியாவைக் காட்டியபோது, மோர்மன் புத்தகத்து மக்கள் அவர்களின் ‘பிரதான’ மூதாதையர் என்றிருந்த முன்னுரை வரி, 2006 இல் மூதாதையருள் அடங்குவர் என்று மெலிந்தது. இதற்கு நடுவில் அவர்களுக்குக் கிடைத்த நல்ல செய்தி யேமனிலிருந்து வந்தது. அந்தக் குடும்பம் அரேபியாவைக் கடக்கையில் ஒருவரைப் புதைத்த இடத்துக்கு நாஹோம் என்று பெயர். மாரிபுக்கு அருகே கோயிலொன்றில் ஜெர்மானியர் அகழ்ந்தெடுத்த பலிபீடத்தில் அதே மெய்யெழுத்துகளில் ஓர் இனப்பெயர் இருந்தது, காலமும் பொருந்தியது. அமெரிக்க வேதம் தனது சான்றைத் தேடி அரபுநாட்டுக்குப் போகவேண்டி வந்த விசித்திரத்தை நாம் இரசித்தோம்.

முஸ்லிம் தரப்பின் வீழ்ச்சியோ இன்னொரு திசையில். பிரெஞ்சு வைத்தியர் மொறிஸ் புகாய் 1976 இல் பாரிஸில் வெளியிட்ட நூலில் விவிலியத்தையும் குர்ஆனையும் விஞ்ஞானத்தோடு ஒப்பிட்டு, குர்ஆனில் நவீன விஞ்ஞானத்துக்கு முரணான எதுவுமில்லை என்றார். அதன்பிறகு கருவளர்ச்சி, கடலாழம், பிரபஞ்ச விரிவு எல்லாவற்றையும் வசனங்களுக்குள் காணும் துண்டுப்பிரசுரங்கள் பெருகின. எமது பெடியளுக்குக் கொடுக்கப்படுபவை பெரும்பாலும் இவையே. ஜுர்ஜானி எங்கே, இது எங்கே! ஸியாவுத்தீன் சர்தார் போன்ற முஸ்லிம் சிந்தனையாளரே இதைக் கடுமையாகச் சாடியிருக்கிறார்கள். விஞ்ஞானம் மாறினால் வேதமும் மாறவேண்டி வருமே! றஷாத் கலீபா என்ற எகிப்திய-அமெரிக்க இரசாயனவியலாளர் கணனியால் எண்ணிப்பார்த்து, குர்ஆன் முழுவதும் 19 என்ற எண்ணின் மடங்குகளால் பின்னப்பட்டது என்றார். முதலில் பலர் மகிழ்ந்தார்கள். பிறகு ஒன்பதாம் அத்தியாயத்தின் கடைசி இரண்டு வசனங்கள் கணக்குக்குள் வரவில்லை. அவர் கணக்கை விடவில்லை, வசனங்களை விட்டார். 1990 இல் அவர் அமெரிக்காவில் கொலை செய்யப்பட்டார்.

*

எமது வீட்டுக்கும் வருவோம். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்கிய அதே கையால் 1854 இல் சைவதூஷணபரிகாரம் எழுதினார். எங்கள் சடங்கை மூடமென்கிறீர்களே, அதே சடங்கு உங்கள் பழைய ஏற்பாட்டில் இல்லையா என்பது அதன் போக்கு. பாதிரிமாரின் அளவுகோலை அவர்களிடமே திருப்பி நீட்டிய சாமர்த்தியம் அது. அதே நாவலர், 1867 இல் இராமலிங்க அடிகளின் பாடல்கள் ‘திருவருட்பா’ என்ற பெயரோடும் ‘திருமுறை’ என்ற பகுப்போடும் அச்சானபோது கொதித்தெழுந்தார். அருட்பா என்பது தேவார திருவாசகம் முதலியன; இது மருட்பா. நால்வருக்குக் கதவு திறந்தது, கல் மிதந்தது, ஏடு நெருப்பில் வேகாமல் இருந்தது. இவருக்கு என்ன நடந்தது? 1869 இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை போயிற்று.

ஒரு நூல் இறைவாக்கா என்பதற்கான முழு வழக்கும் தமிழில் நடந்தது இதுதான் என்போம். எந்த அளவுகோல், யார் நடுவர், அற்புதமா அழகா அனுபவமா, பட்டியல் எப்போது மூடப்பட்டது: பால்மைராவிலும் பக்தாதிலும் கேட்கப்பட்ட எல்லாக் கேள்வியும் இங்கு உண்டு. இதிலே எமக்குப் பிடித்த கட்டம் நாவலருக்குப் பிந்தியது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புலோலியைச் சேர்ந்த நா. கதிரைவேற்பிள்ளை சென்னையில் மருட்பாக் கட்சியின் கொடியைப் பிடித்தார். எதிர்க்கட்சியில் மேடையேறி, இராமலிங்கரின் பாடல்கள் அருட்பாவே என்று வாதாடியவர்களில் ஒருவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர், குமரிப் பக்கத்துக் கோட்டாற்று முஸ்லிம். தனது வேதத்துக்குப் பிறகு வேறு வேதம் இறங்காது என்று நம்பும் மார்க்கத்தவர், ஒரு சைவரின் பாட்டில் அருள் இருக்கிறது என்று இன்னொரு சைவரோடு மல்லுக்கு நின்றார். இறைநூல் என்ற சொல்லை அவர் எந்த அர்த்தத்தில் புழங்கியிருப்பார் என்று நாம் யோசிக்கிறோம். தமிழ் தெரிந்த காதுக்கு அந்தப் பாட்டு கேட்ட விதந்தான் அவருக்குச் சான்றாகியிருக்கும். அல்-ஜுர்ஜானியிடமிருந்து அது வெகு தூரமில்லை.

எம்மைக் கேட்டால், நான்கு வாதங்களில் மொழியழகு பற்றிய முஸ்லிம் வாதமே மதிப்புக்குரியது. அது வாசிக்கச் சொல்கிறது, அதற்காக. அது நிறுவுவது ஒரு நூலின் மகத்துவத்தை. அதற்கப்பால் உள்ள படியை நம்பிக்கைதான் ஏறவேண்டும். மோர்மன் வாதங்களில் சாட்சியும் வரலாறும் தேறாது. நெஞ்சிடம் கேள் என்பது வாதமாகத் தேறாது, அழைப்பாகத் தேறும். விஞ்ஞானம், 19, மரபணு என்று இரு தரப்பும் கடன்வாங்கிய சான்றுகளை நாம் கணக்கிலேயே எடுக்கவில்லை.

உள்ளேயிருந்து இதைக் கேட்டவர்களுக்கு விலை வேறாக இருந்தது. குர்ஆனை ஒரு காலத்து மொழியில் அமைந்த பிரதியாக வாசிக்கலாம் என்ற நஸ்ர் அபூ ஸெய்த்தை 1995 இல் எகிப்திய நீதிமன்றம் மதம் மாறியவராகக் கொண்டு, மனைவியிடமிருந்து விவாகத்தையும் இரத்துச் செய்தது. இருவரும் சேர்ந்தே நெதர்லாந்துக்கு வந்தார்கள். லைடன் பல்கலைக்கழகத்தில் குர்ஆனையே கற்பித்தார், கடைசிவரை தம்மை முஸ்லிம் என்றே சொன்னார், 2010 இல் கெய்ரோவில் இறந்தார். யூட்டாவில் 1993 செப்டம்பரில் மோர்மன் சபை ஆறு அறிஞர்கள்மீது நடவடிக்கை எடுத்தது. அவர்களில் லவீனா ஃபீல்டிங் அன்டர்சன் சபை நீக்கம் செய்யப்பட்டவர். விலக்கப்பட்ட பிறகும் அவர் அதே ஊரில், அதே ஆலயத்தில் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போய்க்கொண்டிருந்தார். திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்ட விண்ணப்பத்தைச் சபைத் தலைமை 2019 இல் மறுத்தது. 2023 இல் இறந்தார்.